பாதி முறிந்தால் வேகம்

பிரான்சிஸ் பெட்டிட் ஸ்மித் என்கிற ஆங்கிலேய விவசாயி, 1837-ல் லண்டன் பாடிங்டன் கால்வாயில் ஒரு சின்ன நீராவிப் படகை ஓட்டிப் பார்த்தார். அடியில், மரத்தில் செய்த திருகாணி மாதிரி ஒரு ப்ரொப்பெல்லர். இரண்டு சுற்று நீளம். எதிலோ இடித்து அதில் பாதி முறிந்துபோனது. படகு நிற்கவில்லை. முன்னைவிட வேகமாக ஓடியது!

எஞ்சினைத் தொடாமலே வேகம் கூடும் என்கிற இந்தச் சமாசாரம், அமெரிக்காவில் 'பாஸ்' மீன் பிடிப்பவர்களின் தூக்கத்தை இன்றும் கெடுக்கிறது. இருபதடி ஃபைபர் படகு, பின்னால் 200, 250 குதிரைசக்தி அவுட்போர்டு மோட்டார். மீன் என்னவோ இரண்டு மூன்று கிலோதான். போட்டியில் நல்ல இடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டுமே!

அலபாமாவில் இருக்கும் என் அக்கா மகனுக்கும் இந்தப் பைத்தியம் உண்டு. "ஸ்பீடு பத்தலை மாமா. 250 வாங்கிடலாம்னு இருக்கேன்" என்றான். படகில் பதித்த தகட்டில் 'அதிகபட்சம் 225' என்று போட்டிருந்தது. "வீட்டு லோனே இன்னும் முடியலை. நீங்களாவது சொல்லுங்க மாமா" என்றாள் அவன் மனைவி. நான் சொல்லி அவன் என்றைக்குக் கேட்டான்?

சொன்னவர் கன்டர்ஸ்வில் ஏரிக்கரையில் ஒரு கிழ மெக்கானிக். மோட்டார் மூடியை அவர் திறக்கவே இல்லை. வழக்கமான சுமையை ஏற்றச் சொன்னார்: பெட்ரோல், மீன் தொட்டிக்குத் தண்ணீர், இரண்டு ஆள். இரண்டாவது ஆள் நான். முழு வேகத்தில் எஞ்சின் நிமிஷத்துக்கு 5200 சுற்று. கம்பெனி சொன்ன அளவு 5500 முதல் 6000. "நாலாவது கியர்ல மேடு ஏத்தறே. எஞ்சின் முக்குது" என்றார்.

ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் எத்தனை அங்குலம் முன்னேற வேண்டுமோ, அது 'பிட்ச்'. தண்ணீர் மரக்கட்டை இல்லையே, கொஞ்சம் நழுவும். அவன் படகு கணக்குப்படி 70 மைல் போக வேண்டும், ஜி.பி.எஸ். காட்டியது 60. பிட்ச் ஓர் அங்குலம் குறைந்தால், சுமாராக 150 முதல் 200 சுற்று கூடும். 25-ஐக் கழற்றி 23 மாட்டினார். பிறகு மோட்டாரைக் கால் அங்குலம் கால் அங்குலமாக உயர்த்தினார். தண்ணீருக்குள் இருக்கும் பாகம் குறைந்தால் இழுவை குறையும். அதிகம் உயர்த்தினால் ப்ரொப்பெல்லர் காற்றை உறிஞ்சும், குளிர்விக்கும் தண்ணீர் ஏறாமல் எஞ்சின் வெந்துவிடும். கண் முழுக்கத் தண்ணீர் பிரஷர் முள் மேலேயே இருந்தது. கடைசியில் 5700 சுற்று, 64 மைல். செலவு, புது மோட்டாரில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை.

பையன் குதித்தான். அவர் சிரிக்காமல், ஸ்டியரிங் பக்கம் சும்மா தொங்கிக்கொண்டிருந்த சிவப்புச் சுருள் கயிற்றை எடுத்து அவன் லைஃப் ஜாக்கெட்டில் மாட்டினார். ஓட்டுபவர் தூக்கி எறியப்பட்டால் எஞ்சினை நிறுத்துவது அதுதான். இல்லாவிட்டால் ஆளில்லாத படகு வட்டமடித்து, ப்ரொப்பெல்லரோடு அவரிடமே திரும்பி வரும். 26 அடிக்குக் குறைந்த படகுகள் வேகமெடுக்கும்போது இதை மாட்டிக்கொள்வது அமெரிக்காவில் 2021 முதல் சட்டம்.

"நாலு மைல் கூடியிருக்கு இல்லே? இனி இதைக் கழட்டாதே" என்றார்.

அதற்கு மட்டும் அவர் காசு வாங்கவில்லை.