புவனகிரி: பட்டுக்கு ஒரு நிறம், நாய்க்குட்டிக்கு ஒரு நிறம்!

சிதம்பரத்திலிருந்து விருத்தாசலம் சாலையில் கிளம்பி, கீரப்பாளையம் கடந்து வெள்ளாற்றுப் பாலத்தில் ஏறி இறங்கினால் புவனகிரி. ராகவேந்திர சுவாமிகள் பிறந்த ஊர் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியும். அக்கம்பக்கத்து விவசாயிகளுக்கு இது சம்பா நெல்லும், அறுவடைக்குச் சில நாள் முன்பு ஈரத்தில் தெளிக்கும் உளுந்தும் விளைகிற பூமி. பட்டுச்சேலைத் தறி ஓடும் ஊரும்கூட.

தறிக்காரர்களிடம் நிறத்தைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால் மயில் கழுத்து, கிளிப்பச்சை, அரக்கு, வெங்காயச் சருகு என்று அடுக்குவார்கள். எம்.எஸ்.சுப்புலட்சுமி உடுத்திய காஞ்சிப் பட்டின் நீலத்துக்கு ‘எம்.எஸ். நீலம்’ என்ற பெயரே நிலைத்துவிட்டது. சேலைக்கு எந்தப் பெயர் வைத்தாலும் யாருக்கும் நட்டமில்லை. கண்ணுக்குப் பிடித்தால் வாங்கப் போகிறோம்.

இந்தப் பெயர் வைக்கும் பழக்கம் இப்போது நாய்க்குட்டி வியாபாரத்துக்கும் வந்துவிட்டது. ஆட்டுப்பட்டிக்கும் கோழிக்கூண்டுக்கும் காவல் தேடுகிறவர்களிடம் செல்போனில் படம் காட்டி, ‘சில்வர் லாப்ரடார்’, ‘சாம்பெயின்’, ‘அபூர்வ நிறம்’ என்று விலையை ஏற்றுகிறார்கள். “சார், இந்த நிறத்துக்கு இவ்வளவு கொடுக்கலாமா?” என்று கிராமக் கூட்டங்களில் கேட்கிறார்கள்.

இதற்குப் பதில் நம் தொழுவத்திலேயே இருக்கிறது. மயிலை, காரி, செவலை, மறை என்று மாட்டுக்கு நாம் சொல்லும் பெயர்கள் விற்பனைக்காக வந்தவை அல்ல. மாட்டைப் பார்த்து வந்தவை. பக்கத்துக் கடைமடைப் பகுதியின் உம்பளாச்சேரிக் கன்று செவலையாகப் பிறந்து, ஆறு மாத வாக்கில் சாம்பலுக்கு மாறும். விவரம் தெரிந்தவர் கன்றின் நிறத்தைப் பார்த்து ஏமாற மாட்டார். நெற்றியிலும் கால்களிலும் உள்ள வெள்ளையைப் பார்ப்பார்.

விதை மூட்டையும் அப்படித்தான். வெள்ளை அட்டை என்றால் ஆதார விதை, நீல அட்டை என்றால் சான்று விதை. பையில் எவ்வளவு அழகான பெயர் அச்சடித்திருந்தாலும், நாம் அட்டையைத்தான் பார்க்க வேண்டும்.

நாய் இனங்களுக்கும் இதுபோல ஓர் ‘அட்டை’ உண்டு. அதை இனத் தர வரையறை என்பார்கள். உடலமைப்பு, உயரம், குணத்தோடு எந்தெந்த நிறம் ஏற்கத்தக்கது என்றும் அதில் எழுதியிருக்கும். லாப்ரடாருக்கு மூன்றே நிறங்கள்: கறுப்பு, மஞ்சள், சாக்லேட். வெளிர் மஞ்சள் முதல் நரிச் சிவப்பு வரை எல்லாமே மஞ்சள் கணக்குதான். ஆகவே ‘ஃபாக்ஸ் ரெட்’ என்பது தனி ரகமல்ல. ‘சில்வர்’ வரையறையிலேயே இல்லை. அது சாக்லேட் நிறம் நீர்த்துப்போனது. கறுப்பு நீர்த்தால் ‘சார்கோல்’, மஞ்சள் நீர்த்தால் ‘சாம்பெயின்’. தாய், தகப்பன் இரண்டிடமிருந்தும் நிறத்தை நீர்க்கச் செய்யும் மரபணு வந்தால்தான் இப்படிப் பிறக்கும். இத்தகைய நாய்களில் சிலவற்றுக்கு வளர வளர முடி கொட்டி, தோல் நோய் வரும். அதற்கு முழுமையான தீர்வு இல்லை. வைத்தியச் செலவு மட்டும் நிற்காது.

நம் நாட்டு இனங்களிலும் நிறத்துக்குப் பொருள் உண்டு. கறுப்பு உடம்பில் செம்பழுப்புத் திட்டு இருந்தால் கன்னி, வெளிர் நிறமானால் பால்கன்னி. கோம்பைக்குச் செவலை உடம்பும் கறுத்த வாயும் அடையாளம். ராஜபாளையத்துக்கு வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும். 2005-ல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இனம் அது. கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் ராஜபாளையத்தையும் சிப்பிப்பாறையையும் தனி இனங்களாகப் பதிவு செய்திருக்கிறது.

ஆனால், இந்த வெள்ளையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உள்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் திறன் போய்விடும். ராஜபாளையம் குட்டிகளில் செவிடு பிறப்பது வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். ராத்திரியில் பட்டியருகே ஆள் நடமாடும் சத்தம் கேட்காத நாயால் காவலுக்கு என்ன பயன்? கடைசியில் அதைத் தெருவில் விட்டுவிடுகிறார்கள். பணத்தை இழந்தவர் ஒருவர். பாவத்தைச் சுமப்பது அந்த வாயில்லா ஜீவன்.

வாங்குமுன் இவற்றைச் செய்யுங்கள்:

* தாய் நாயை நேரில் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். தோலில் சொட்டை, புண் இருந்தால் குட்டி வேண்டாம்.
* ஐந்து, ஆறு வாரக் குட்டியைக் கூட்டத்திலிருந்து பிரித்து, அது பார்க்காதபடி பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டுங்கள். தரையைத் தட்டாதீர்கள், அதிர்வை உணர்ந்து திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காத குட்டி இந்தச் சோதனையில் தப்பிவிடலாம். ஆகவே வலமும் இடமுமாகச் சில முறை பாருங்கள்.
* வெள்ளை நாய்க்கு மூக்கும் காது நுனியும் வெயிலில் வெந்துபோகும். கட்டுமிடத்தில் நிழல் கட்டாயம்.

காவல் மட்டும்தான் தேவை என்றால், நம் தெருவில் பிறந்த செவலைக் குட்டியே போதும். எந்த நிறக் குட்டியானாலும் மூன்று மாதத்தில் வெறிநாய்த் தடுப்பூசியைப் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் போட்டுவிடுங்கள்.