கம்பி எட்டு, வேலை இரண்டு

தஞ்சாவூர்ப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்களிடம் 8085 என்று சொல்லிப் பாருங்கள், லேப் ஞாபகம் வந்து முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். இன்டெல் 1976-இல் வெளியிட்ட சில்லு. தமிழ்நாட்டில் பல செட் மாணவர்களுக்கு வாய்த்த முதல் புராசஸர் இதுதான். கிட்டில் எண்களைத் தட்டுவது, விடை வந்தால் ரெக்கார்டில் கையெழுத்து வாங்குவது.. அதோடு சரி. பஸ்ஸில் என்ன ஓடியது என்று எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?

பார்க்க லாஜிக் அனலைசர் வேண்டும். ஏடி0 முதல் ஏடி7 வரையிலான எட்டுக் கம்பிகள் முகவரியின் கீழ்ப்பாதியையும் தரவையும் மாறி மாறிச் சுமக்கின்றன. டெல்டாக்காரர்களுக்குச் சொன்னால் உடனே புரியும், முறைப்பாசனம்தான்! வாய்க்கால் ஒன்று, இப்போது யார் முறை என்பதே கேள்வி. இங்கே லஸ்கர் வேலை பார்ப்பது ஏஎல்இ. அது இறங்கும்போது கம்பிகளில் இருப்பது முகவரி. ஆர்டியோ டபிள்யூஆரோ ஏறும்போது இருப்பது தரவு. இவற்றோடு ஐஓ/எம், எஸ்0, எஸ்1 சேர்த்தால் மொத்தம் 14 கம்பி. மலிவான 8 சானல் பெட்டி ஏடி கம்பிகளுக்கே தீர்ந்துவிடும்; 16 சானல் வேண்டும். கிரவுண்டை முதலில் மாட்டிவிடுங்கள்.

4100-இலிருந்து 21 00 42 36 05 76 என்று ஒரு குட்டி நிரல். 4200-இல் 05 எழுதிவிட்டு நின்றுவிடும், அவ்வளவுதான். ஏடி கம்பிகளில் வருவது: 00, 21, 01, 00, 02, 42, 03, 36, 04, 05, 00, 05, 05, 76. மூன்று 05! முதலாவது நிரலில் இருக்கும் எண். இரண்டாவது நினைவகத்தில் எழுதப்படும் தரவு. மூன்றாவது தரவே இல்லை, 4105 என்ற முகவரியின் வால்.

இன்னொரு சிக்கல். ஆர்டி ஏறிய பிறகும் தரவு கம்பியில் நிற்க வேண்டும் என்று 8085 கேட்பதில்லை, அதற்குத் தேவையான பிடிநேரம் பூஜ்யம். அதனால் ஏறிய பிறகு எடுத்த சாம்பிளை நம்பக்கூடாது, அதற்கு முந்தையதை எடுக்க வேண்டும். 6.144 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் என்றால் ஒரு டி-ஸ்டேட் சுமார் 325 நானோ நொடி. 24 மெகாஹெர்ட்ஸில் பதிவு செய்தால் 42 நானோ நொடிக்கு ஒரு சாம்பிள், தாராளம்.

எஸ்0, எஸ்1 எதற்கு என்று அவற்றை விட்டுவிடுபவர்கள் உண்டு. இரண்டும் 1, ஐஓ/எம் 0 என்றால்தான் அது கட்டளையை எடுக்கும் சுற்று. அது தெரியாமல், பதிவு நிரலின் நடுவில் தொடங்கினால், மென்பொருள் அந்த முதல் 05-ஐயே கட்டளையாக எடுத்துக்கொண்டு 'டிசிஆர் பி' என்று கூசாமல் அச்சிடும். 05 என்பது நிஜமாகவே அந்தக் கட்டளையின் எண்தான் என்பதால் திரையில் எந்தப் பிழைச்செய்தியும் வராது.