மிக்கி மவுஸ் டிஸ்கோவும் ஒரு வாத்துப் பாட்டும்

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்ட கொசுவத்தி இது. பொறுத்துக்குங்க மக்களே.

1985-ல் நான் ஆறாப்பு. பரமத்தி பக்கம் எங்க ஊர். நாமக்கல் அப்போ சேலம் மாவட்டத்துலதான் இருந்துச்சு, தனி மாவட்டம் ஆனது 1997-ல். ஊர்ல பாதிப் பேருக்கு லாரி, மீதிப் பேருக்கு கோழி. அப்பா லாரி டிரைவர். பம்பாய்க்கு லோடு ஏத்திட்டுப் போனா திரும்ப பதினஞ்சு இருபது நாள் ஆகும். வந்தாலும் ரெண்டு நாள் தூக்கம், மறுபடி லோடு. எங்களுக்குள்ள பெருசா பேச்சு கிடையாது.

அப்படி ஒரு டிரிப்புல வாங்கியாந்ததுதான் 'மிக்கி மவுஸ் டிஸ்கோ' கேசட். "இந்தா கண்ணு, உனக்குத்தான்" என்று கொடுத்துவிட்டுப் படுத்துட்டார். டூ இன் ஒன்னில் போட்டால் தாம் தூம் என்று டிரம்ஸ், புரியாத இங்கிலீஷ், நடுவுல வாத்து ஒண்ணு தொண்டை கிழியக் கத்துது. டேப்பு சிக்கிருச்சோன்னு ரெண்டு தடவை வெளிய எடுத்துப் பார்த்தேன். ஆத்தா மட்டும், "என்றா இது, கோழிப் பண்ணைக்குள்ள கீரி பூந்தாப்புல இருக்குது" என்றார்.

நிற்க. இந்த ஆல்பத்தோட கதை இப்பத்தான் எனக்குத் தெரியும். 1979-ல் டிஸ்னிலேண்ட் ரெக்கார்ட்ஸ் வெளியிட்டது. அதுக்கு முந்தின வருஷமே செசமி ஸ்ட்ரீட்காரங்க பீ ஜீஸ் ராபின் கிப்பைப் பாட வெச்சு 'செசமி ஸ்ட்ரீட் ஃபீவர்' போட்டிருந்தாங்க. ஆனா 1979 ஜூலை 12-ல் சிகாகோ பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ ரெக்கார்டுகளைக் குவிச்சு வெடி வெச்சுத் தகர்த்தாங்க. பெரியவங்களுக்கு டிஸ்கோ சலிச்சுப்போன நேரத்துல குழந்தைங்க பிடிச்சுக்கிட்டாங்க. அமெரிக்காவுல இரட்டை பிளாட்டினம், அதாவது 20 லட்சம் பிரதி! 1980-ல் பழைய கார்ட்டூன்களை வெட்டி ஒட்டி இதுக்கு ஒரு குறும்படமும் எடுத்தாங்க. நான் டேப்பு சிக்கிருச்சுன்னு நினைச்ச பாட்டு 'மாச்சோ டக்'. வில்லேஜ் பீப்பிள் குழுவோட 'மாச்சோ மேன்' பாட்டைக் கிண்டலடிச்சு டொனால்ட் டக்கை விட்டுக் கத்த வெச்சது. கத்தறது டொனால்டுன்னு தெரிஞ்சிருந்தா ஒருவேளை ரசிச்சிருப்பேனோ என்னவோ.

அன்னிக்கு ரசிக்கலை. எனக்கு வேண்டியிருந்தது 'சகலகலா வல்லவன்' புத்தாண்டுப் பாட்டு. காலி கேசட் வாங்கக் காசில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ரெக்கார்டிங் கடையில மிக்கியை நீட்டினேன். "பின்னாடி பல்லு ரெண்டும் உடைச்சிருக்கு தம்பி, பதிய முடியாதபடி" என்றவர், அந்த ஓட்டை மேல செல்லோ டேப் ஒட்டினார். அவ்வளவுதான். ஒரு சைடு முழுக்க கமல் பாட்டு. டிஸ்கோவை அழிச்சு டிஸ்கோ பதிஞ்ச அறிவாளி நான் ஒருத்தனாத்தான் இருப்பேன்.

அடுத்த தடவை வந்தப்போ அப்பா குளிச்சுட்டு உட்கார்ந்து, "அந்த வாத்தைப் போடு கண்ணு" என்றார். போட்டேன். எஸ்.பி.பி. பாடினார். அப்பா கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்குது" என்று எழுந்து போயிட்டார். திட்டக்கூட இல்லை. தப்பிச்சோம்டான்னு சந்தோஷப்பட்டேன்.

2004-ல் அப்பா காரியத்துக்கு அப்பவே அவர்கிட்ட கிளீனரா இருந்த அண்ணன் வந்திருந்தார். பேச்சுவாக்குல, "அந்த வாத்துப் பாட்டு டேப்பு இன்னும் இருக்குதா தம்பி? கோலாப்பூர்ல இருந்து அதையேதான் திருப்பித் திருப்பிப் போட்டாரு. ஸ்டீரிங்ல தாளம் வேற. வாத்து கத்தறப்ப இவரும் கத்துவாரு. தொப்பூர் கணவாய் இறங்கறப்பத்தான் நிறுத்தினாரு" என்றார். அப்பா தாளம் போட்டோ கத்தியோ நான் பார்த்ததே இல்லை. இருக்குதுண்ணான்னு சொல்லிட்டு டீ எடுத்துட்டு வர்ற சாக்குல உள்ள போயிட்டேன்.

போன மாசம் இணையத்துல முழு ஆல்பமும் கிடைச்சது. 'மாச்சோ டக்'கை சத்தமா வெச்சேன். பொண்ணு ஒரு நிமிஷம் கேட்டுட்டு ஹெட்போனை மாட்டிக்கிட்டா. அடுப்படியில இருந்து அம்மா கரண்டியோட எட்டிப் பார்த்தாங்க.

"இது உங்கப்பாவோட வாத்துல்ல?"