ட்ரயல்ஸ் பைக் செயின்: எத்தனை கண்ணி?

ட்ரயல்ஸ் பைக்கில் சீட் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது. எடை 70 கிலோ சுமார். வேகத்துக்கு அங்கே வேலையே இல்லை. பாறை, ஓடை, சேறு எல்லாவற்றையும் காலைக் கீழே ஊன்றாமல் தாண்ட வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 அபராதப் புள்ளி, விழுந்தால் 5. ஸ்காட்லாந்தின் ஃபோர்ட் வில்லியமைச் சுற்றி மே மாதத்தில் ஆறு நாள் நடக்குமே, அந்தப் போட்டியில் செயின் படும் பாட்டைச் சொல்லி மாளாது. தண்ணீரும் மணலும் கண்ணிக்குள் புகுந்து அரைத்துவிடும்.

சரி, மாற்ற வேண்டும். எத்தனை கண்ணி?

பலர் செய்வது, பழைய செயினைத் தரையில் நீட்டி, புதியதைப் பக்கத்தில் வைத்து, முனை சேரும் இடத்தில் வெட்டுவது. கதை கெடுவதே இங்கேதான். இந்த வண்டிகளில் பெரும்பாலும் 520 செயின். ஒரு கண்ணி 15.875 மி.மீ., 20 கண்ணி 317.5 மி.மீ. அந்த 20 கண்ணி 323 மி.மீ. ஆகிவிட்டால் செயின் ஆயுள் முடிந்தது என்பது வழக்கமான கணக்கு. அப்படித் தேய்ந்த 102 கண்ணிச் செயின், புதியதைவிட 28 மி.மீ. நீளம். கிட்டத்தட்ட இரண்டு கண்ணி! (தேய்மானம் என்றால் மதிப்பு குறையும் என்றுதான் காமர்ஸ் புத்தகம் சொல்கிறது. இங்கே நீளம் கூடுகிறது.) அளந்து வெட்டினால் புதுச் செயின் முதல் நாளே தொளதொள.

எண்ணிப் பார்ப்பது மேல். ஆனால் முன்பு வண்டி வைத்திருந்தவர் செயின் லூஸ் ஆனதும் இரண்டு கண்ணியைக் கழற்றியிருந்தால் அந்த எண்ணிக்கையும் பொய். ஸ்ப்ராக்கெட் மாற்றியிருந்தாலும் அப்படித்தான்; பின்னால் ஒரு பல் கூடினால் சக்கர அச்சு சுமார் 4 மி.மீ. முன்னே வர வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். முன் ஸ்ப்ராக்கெட் 11 பல், பின் 42, இரண்டின் நடுப்புள்ளிகளுக்கு இடையே 590 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளியை இரட்டித்து 15.875-ஆல் வகுத்தால் 74.3. பற்களின் கூட்டுத்தொகையில் பாதி 26.5. இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் ஒரே அளவில் இல்லாததற்குச் சேர்க்க வேண்டியது 0.7 சுமார். மொத்தம் 101.5. கண்ணி இரட்டைப்படையில்தான் வர வேண்டும், ஆகவே 102. ஒற்றைப்படைக்கு அரைக் கண்ணி என்று ஒன்று உண்டு. பாறையில் ஏறுகிற வண்டியில் அந்தப் பலவீனம் வேண்டாம்.

ஆனால் கடைசித் தீர்ப்பு வண்டியில்தான். அச்சை அட்ஜஸ்டரின் முன்பக்கத்துக்குத் தள்ளி, செயினைச் சுற்றிப் போட்டுப் பாருங்கள். எந்த இரட்டை எண்ணில் அச்சு முன்பாதியில் நிற்கிறதோ அதுதான் சரி. தேயத்தேயப் பின்னே இழுக்க இடம் இருக்கும். இரண்டு கண்ணி கூட விட்டால் அச்சு 16 மி.மீ. பின்னே போகும். முன்சக்கரத்தைத் தூக்குவதும் அந்த அளவுக்குக் கனக்கும்.

இறுக்கம் இன்னும் மோசம். எஞ்சின் ஸ்ப்ராக்கெட், ஸ்விங்ஆர்ம் போல்ட், பின் அச்சு மூன்றும் ஒரே கோட்டில் வரும்போதுதான் செயின் அதிகம் இறுகும். நண்பரை ஏற்றி அழுத்தி, அந்த நிலையிலும் கொஞ்சம் தொய்வு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் எஞ்சின் ஷாஃப்ட் பேரிங்குக்கு ஆபத்து. அதை மாற்றும் கூலியில் இரண்டு மூன்று செயின் வாங்கிவிடலாம்.

முடித்ததும் செயின் லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையைப் பார்த்திருக்கட்டும். திருப்பிப் போட்டால் முதல் பாறையிலேயே தட்டிக் கழன்றுவிடலாம்.