சூதாட்ட ஊரில் ஒரு சொந்த வீடு

எனக்கு அமெரிக்கா பார்க்கும் யோகம் பெரியம்மாவின் முழங்கால் வழியாக வந்தது.

லாஸ் வேகஸில் இருக்கும் பெரியப்பா மகனைப் பார்க்கப் போயிருந்த பெரியம்மா, ஆறு மாசம் முடிந்ததும் தனியாகத் திரும்ப மாட்டேன் என்று அடம் பிடித்துவிட்டார். "ரெண்டு ஏரோப்ளேன் மாறணுமாம். இந்தக் காலை வெச்சுண்டு நான் எங்க ஓடறது?" துணைக்கு ஓர் ஆள் வேண்டும். முக்கியமாக, லீவு கேட்க ஆபீஸ் இல்லாத ஆள். பத்திரிகைகளுக்கு எழுதிப் பிழைக்கும் பி.காம். பட்டதாரியை விடத் தகுதியானவன் யார், சொல்லுங்கள்? 2024 நவம்பரில் அண்ணன் டிக்கெட் அனுப்பிவிட்டார்.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்புதான் நானும் என் மனைவியும் கூடுவாஞ்சேரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபிளாட்டுக்கு ஒரு லட்சம் அட்வான்ஸ் கொடுத்திருந்தோம். விலை 65 லட்சம். விற்க வந்த பையன் டை கட்டியிருந்தான். "ஸார், தங்கம் இறங்கும், ஷேர் இறங்கும். நிலம் இறங்கின சரித்திரமே கிடையாது. இருக்கறதும் தீர்ந்துக்கிட்டே வருது ஸார்!" என்றான். அவன் சொன்ன அவசரத்தைப் பார்த்தால், சாயங்காலத்துக்குள் செங்கல்பட்டு ஜில்லாவே தீர்ந்துவிடும் போலிருந்தது. பையில் செக் புத்தகம் இருந்தது. எழுதிவிட்டேன்.

லாஸ் வேகஸை விமானத்திலிருந்து பார்த்தால் முதலில் ஊர் தெரியாது. பொட்டல்தான் தெரியும். அரை மணி நேரம் பார்த்தாலும் அதே பொட்டல், அதே மொட்டை மலை. நெவாடா மாநிலத்தில் 100க்கு 80 பங்கு நிலம் மத்திய அரசாங்கத்துடையது. ஊரைச் சுற்றியுள்ளதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏலம் விடுவார்கள். இந்த ஊரில்தான் 2004ல் வீட்டு விலை ஒரே வருஷத்தில் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. காரணம் கேட்டால் புரோக்கர்கள் என்ன சொன்னார்களாம் தெரியுமா? "நிலம் தீர்ந்து போச்சு!"

எனக்கு டை கட்டிய பையன் ஞாபகம் வந்தது.

விமான நிலையத்தில் இறங்கியதும் பெட்டி வருவதற்கு முன்னால் சூதாட்ட மெஷின் வந்துவிடுகிறது. 'டிங் டிங்' என்று வரிசையாக நின்று கூப்பிடுகின்றன. அண்ணன் என் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு போனார். "இந்த ஊர்ல இருபது வருஷமா இருக்கேன். இதுல ஒரு டாலர் போட்டதில்லை. ஆனா நானும் இந்த ஊர்ல சூதாடினவன்தான்" என்றார். சூட்கேஸ் வந்துவிட்டதால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஊரின் பெரிய தெருவைச் சுற்றிக் காட்டினார். பாரீஸிலிருந்து ஒரு டவர், வெனிஸிலிருந்து ஒரு கால்வாய், எகிப்திலிருந்து ஒரு பிரமிடு. எல்லாமே டூப்ளிகேட். தெருவின் வடகோடியில், வெயிலில் நீலமாய் மின்னும் ஒரு கண்ணாடி ஹோட்டல் முன்னால் வண்டியை மெதுவாக்கினார்.

"இதைப் பாரு. ஃபான்டன்ப்ளூ. 67 மாடி. 2007ல கட்ட ஆரம்பிச்சாங்க. 2009ல பணம் தீர்ந்து பாதியில நின்னுடுச்சு. 2023 டிசம்பர்லதான் திறந்தாங்க. நான் தினம் ஆபீஸ் போறப்போ இந்த எலும்புக்கூட்டைப் பார்த்துக்கிட்டே போவேன். எனக்கு இவனாவது துணைக்கு இருக்கான்னு தோணும்!"

நடுவில் ஒரு கூத்து. கார்ல் ஐக்கான் என்கிற கோடீஸ்வரர், திவாலான அந்தக் கட்டடத்தை 2010ல் சுமார் 15 கோடி டாலருக்கு வாங்கினார். ஒரு செங்கல் வைக்கவில்லை. உள்ளே போடுவதற்காக வாங்கி வைத்திருந்த மேஜை நாற்காலிகளைக்கூட விற்றுவிட்டார். 2017ல் கட்டடத்தை 60 கோடிக்குத் தள்ளிவிட்டார். நான்கு மடங்கு!

"அவர் புத்திசாலி" என்றேன்.

"புத்தி எல்லாருக்கும் இருந்துச்சுடா. அவருக்கு மாசத் தவணை இல்லை. ஏழு வருஷம் சும்மா உட்கார முடிஞ்சுது."

அண்ணன் வீடு ஊருக்கு வடக்கே, ஒரே அச்சில் வார்த்த வீடுகள் நிறைந்த குடியிருப்பில் இருக்கிறது. மண் நிறச் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் கூழாங்கல், ஒரு கள்ளி. இப்போது எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது. 2010ல் அந்தத் தெருவில் 22 வீட்டில் 9 வீடு பூட்டிக் கிடந்ததாம். கதவில் பாங்க் நோட்டீஸ், பிடியில் தொங்கும் சாவிப் பெட்டி, காய்ந்து பழுத்த புல். ராத்திரி யாரோ வந்து காலி வீடுகளின் செப்புக் குழாய்களைக் கழற்றிக்கொண்டு போவார்கள். பகலில் பஸ் வரும். ஏலத்துக்கு வந்த வீடுகளைச் சுற்றிக் காட்டும் டூரிஸ்ட் பஸ்!

"பஸ்ஸுல இருக்கறவங்க எங்க வீட்டையும் ஆசையாப் பார்ப்பாங்க, தம்பி" என்றார் அண்ணி, தோசை வார்த்துக்கொண்டே. "இது எப்போ வரும்னு கேட்கற மாதிரி இருக்கும். நான் ஜன்னலைச் சாத்திடுவேன்."

ராத்திரி சாப்பிட்ட பிறகு, அதே மேஜையில் அண்ணன் கணக்கைச் சொன்னார்.

2006ல் வாங்கிய வீடு. விலை 3,20,000 டாலர். கையிலிருந்து போட்டது 16,000. அன்றைக்கு டாலர் 45 ரூபாய். ஏழு லட்சத்துச் சொச்சம். அந்தப் பணம் பெரியப்பா தென்னந்தோப்பை விற்று அனுப்பியது. மீதி 3,04,000 கடன், ஆறேகால் சதவிகித வட்டி, 30 வருஷம். மாசம் 1,872 டாலர் தவணை. கடைசி வரை வட்டி மாறாத கடன். "அப்பா கூட்டுறவு பாங்க்ல கிளார்க்கா இருந்தவர். வட்டி மாறும்னா கையெழுத்துப் போடாதேடான்னுட்டார். அது ஒண்ணுதான் நான் கேட்டேன்."

எதிர் வீட்டுக்காரர் அதே மாதிரி வீட்டை அதே விலைக்கு வாங்கினார். சூதாட்ட விடுதியில் சீட்டுப் போடும் வேலை. அவருக்கு முதல் மாசத் தவணை ஆயிரத்துக்கும் கீழே! அண்ணனைப் பார்த்து, "நீ ஏமாளி" என்று சிரித்தாராம். அது என்ன மாயக் கடன்? ஒன்றும் மாயமில்லை. அசல் வட்டி மாசம் 1,770 ஆகும். அவர் கட்டியது 980. மிச்சம் 790 அசலோடு சேர்ந்துகொண்டே போகும். கட்டக் கட்டக் கடன் வளரும். நம்மூர்க் கந்து வட்டிக்காரர் கேட்டால் காலில் விழுந்து பாடம் கேட்பார். சில வருஷம் போனதும் தவணை ஒரே தாவாகத் தாவும். அதற்குள் விலை ஏறிவிடும், விற்றுவிடலாம் என்பதுதான் எல்லோருடைய திட்டமும்.

விலை ஏறவில்லை. 2006 ஜூனில் இந்த ஊரில் நடுத்தர வீட்டின் விலை சுமார் 3,15,000. 2012 ஜனவரியில் 1,18,000. ஒரு வீடு வாங்கும் பணத்தில் இரண்டு வாங்கி, மிச்சத்தில் கிரகப்பிரவேசமும் செய்யலாம். 2010ல் இங்கே 100க்கு 14 பேருக்கு வேலையில்லை. எதிர் வீட்டுக்காரருக்கும் போய்விட்டது. ஒரு நாள் ராத்திரி வாடகை வேனில் சாமான்களை ஏற்றினார்கள். அவர் பெண் மட்டும் அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, ஒரு தொட்டிச் செடியைக் கொடுத்துவிட்டுப் போனாளாம்.

பின்னால் நீச்சல் குளம் பாசி பிடித்துப் பச்சையாகிவிட்டது. கொசு! கவுன்ட்டி ஆட்கள் வந்து கம்பூசியா மீன் விட்டுவிட்டுப் போனார்கள். நம்மூர்க் கிணறுகளில் விடுவார்களே, அதே மீன்.

"நீங்க ஏன் போகலை?" என்றேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. "எனக்கும் சம்பளம் 20 சதவிகிதம் வெட்டினாங்க. அதே மாதிரி பக்கத்து வீட்டை 1,000 டாலர் வாடகைக்கு விட்டாங்க. நான் 1,872 கட்டிக்கிட்டிருந்தேன். சாவியைக் கவர்ல போட்டு பாங்குக்கு அனுப்பிட்டுப் போறவங்களைப் பார்க்கறப்போ கை துறுதுறுங்கும். ஆனா தவணை கைக்குள்ள இருந்துச்சு. அண்ணியும் வேலைக்குப் போனா. காரை வித்தோம். அவ்வளவுதான். விலை எறங்கறதாலேயே ஒருத்தனும் தெருவுக்கு வரலைடா. தவணை கட்ட முடியாம போகணும், விலையும் எறங்கியிருக்கணும். ரெண்டும் சேர்ந்தா தீர்ந்தது. சனியன், சேர்ந்துதான் வரும். ஊர்ல வேலை போற காலத்துலதான் வீட்டு விலையும் போகும்."

ஜெயித்தவர் மாதிரி அவர் பேசவில்லை. 2010ல் டெக்ஸாஸில் நல்ல வேலை வந்ததாம், ஒன்றரை மடங்கு சம்பளம். போக முடியவில்லை. வீட்டை விற்றால் கையில் பணம் வராது; கையிலிருந்து ஒன்றரை லட்சம் டாலருக்கு மேல் பாங்குக்குக் கொடுத்து விற்க வேண்டும். "வீடு எனக்குச் சொந்தம்னு நினைச்சேன். நான்தான் வீட்டுக்குச் சொந்தமா இருந்தேன்." 2012ல், வீட்டு மதிப்பை விடக் கடன் அதிகமாக இருப்பவர்களுக்கும் வட்டி குறைத்துக் கொடுக்கும் அரசாங்கத் திட்டத்தில் 4 சதவிகிதத்துக்கு மாறினார். மாசம் 540 டாலர் மிச்சம். 'அன்னிக்குத்தான் கிரகப்பிரவேசம்' என்றார் அண்ணி. அதே வருஷத்திலிருந்து பிளாக்ஸ்டோன் மாதிரிப் பெரிய கம்பெனிகள் வந்து, காலி வீடுகளை மலிவாக அள்ளி வாடகைக்கு விட்டன. எதிர் வீட்டில் இன்றைக்கும் வாடகைக்காரர்தான்.

2006ல் தொட்ட விலையை இந்த ஊர் மறுபடி தொட்டது 2020ல். பதினாலு வருஷம்! இப்போது அதற்கும் மேலே போய்விட்டது. புரோக்கர்கள் மறுபடி சிரிக்கிறார்கள். நடுவில் போன பதினாலு வருஷத்தை யாரும் நோட்டீஸில் போடுவதில்லை.

"சரி, உன் ஃபிளாட் கணக்கைச் சொல்லு" என்றார்.

சொன்னேன். 52 லட்சம் கடன், எட்டரை சதவிகிதம், 20 வருஷம், மாசம் சுமார் 45,000. இப்போது கொடுக்கும் வாடகை 16,000. மனைவியின் சம்பளம் 48,000. என் வருமானம்... அது வானம் பார்த்த பூமி.

"வட்டி மாறுமா, மாறாதா?"

மாறும். நம் ஊரில் வீட்டுக் கடனில் பெரும்பாலும் மாறும் வட்டிதான். 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரிசர்வ் பாங்க் ரெபோ வட்டியை 4 சதவிகிதத்திலிருந்து ஆறரைக்கு ஏற்றியபோது, என் நண்பன் ஒருவனுக்குத் தவணை ஏறவில்லை என்று சந்தோஷப்பட்டான். பிறகு பார்த்தால், தவணைக்குப் பதிலாக வருஷம் ஏறியிருந்தது. ரிடையரான பிறகும் அவன் கட்டவேண்டும். சாவியைக் கவரில் போட்டு அனுப்புகிற பாச்சாவும் இங்கே பலிக்காது. ஏலத்தில் குறைந்ததை பாங்க் நம்மிடமே கேட்கும். ஜாமீன் போட்ட மாமனாரிடமும் கேட்கும்.

"உன் பொண்டாட்டிக்கு ஆறு மாசம் சம்பளம் வரலைன்னா?" என்றார் அண்ணன்.

நான் தண்ணீர் குடித்தேன்.

(சென்னை திரும்பியதும் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டேன். 'கேன்ஸலேஷன் சார்ஜ்' என்று 25,000 பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். டை கட்டிய பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். இப்போது 38 லட்சத்தில் ஒரு பழைய ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறோம். லிஃப்ட் கிடையாது. மனைவிக்குக் கோபம்தான்.)

திரும்பும் நாள். விமானம் ஏறும் வாசல் வரைக்கும் சூதாட்ட மெஷின்கள் விடவில்லை. பெரியம்மா சக்கர நாற்காலியில் இருந்தபடியே, "ஒரே ஒரு தடவை போட்டுப் பார்க்கட்டுமாடா?" என்றார். ஒரு டாலரை நுழைத்தேன். ஏதேதோ பழங்கள் சுற்றின. நின்றன. அவ்வளவுதான்.

"84 ரூபாடா!" என்று ஸான் ஃபிரான்ஸிஸ்கோ வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார்.

அடுத்த விமானத்தில் விளக்கை அணைத்த பிறகு, அண்ணன் எனக்கு மட்டும் சொன்ன ஒரு விஷயம் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. பெரியப்பா 2011ல் இறந்தார். அதுவரை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில், "வீடு என்ன விலை போகுதுப்பா?" என்று கேட்பாராம். அண்ணன், "ஏறிக்கிட்டுதாம்ப்பா இருக்கு" என்பாராம். தோப்பு விற்ற மனுஷனிடம் வேறென்ன சொல்வது?

"முழிச்சிண்டா இருக்கே?" என்றார் பெரியம்மா. "அவன் உங்கிட்ட கணக்கெல்லாம் சொன்னானாமே. எங்கிட்ட அண்ணி சொன்னா."

"ஆமாம் பெரியம்மா."

"உங்க பெரியப்பாவுக்குத் தெரியும்டா. பேப்பர்ல போட்டிருந்தானே, அமெரிக்காவுல வீடெல்லாம் ஏலத்துக்கு வருதுன்னு. எடுத்து எடுத்துப் படிப்பார். ஞாயித்துக்கிழமை போன் வந்தா மட்டும் ஒண்ணும் தெரியாத மாதிரி கேட்டுப்பார். ஏறுதுன்னு சொல்றப்போ அவன் குரல் எப்படி இருக்குன்னு பார்க்கறதுக்குத்தான் கேட்கறேன்னார்."

போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

"அந்தத் தோப்புல இப்போ பிளாட் போட்டுட்டாங்களாம். வாங்கிடாதே."