நெல்லியடியில் ஒலிக்கும் பிரெஞ்சு மழலை

யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குச் செல்லும் பெருந்தெருவிலே, காற்று ஓயாது வீசும் வல்லை வெளியைக் கடந்து சென்றால் நெல்லியடிச் சந்தி எதிர்ப்படும். ஒருபுறம் சந்தையின் ஆரவாரம். மறுபுறம் பாடசாலை மணியோசை. அயலிலுள்ள கரவெட்டியோ பேராசிரியர் கா. சிவத்தம்பி பிறந்த மண். தமிழ் தழைத்த இச்சூழலிலே பிரெஞ்சு மொழிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் வினவக்கூடும். ஆடி ஆவணி மாதங்களில் இங்கு வருவோர்க்கு விடை தானே கிடைக்கும்.

பிரான்சிலே பாடசாலைகளின் கோடை விடுமுறையும் நல்லூர்த் திருவிழாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருவன. அவ்வேளையில் பிள்ளைகளுடன் ஊர் திரும்பும் குடும்பங்கள் பல. நாம் சென்றிருந்த ஒரு வீட்டிலே ஏழு வயதுப் பேரன் முற்றத்துத் தென்னைகளைப் பிரெஞ்சில் எண்ணிக்கொண்டிருந்தான். "சாப்பிட்டியே ராசா?" என்று அம்மம்மா கேட்டார். "வி" என்றான் அவன். நம்மவர் "ஓம்" என்பதைத்தான் அவன் அவ்வாறு சொன்னான். அது அவருக்கு விளங்கிற்று. அடுத்த கேள்விக்கு அவன் சொன்ன நீண்ட மறுமொழிக்கோ, மகள் அடுக்களையிலிருந்து வரும்வரை அவர் காத்திருக்க நேர்ந்தது.

இந்நிலை ஏற்பட்ட காரணத்தை வடமராட்சியார் நன்கறிவர். 1983 ஆம் ஆண்டுக் கலவரமும் அதன்பின் வந்த போரும் மக்களைக் கடல் கடக்கச் செய்தன. 1987 யூலை 5 ஆம் நாள், நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்தில் அமைந்திருந்த இராணுவ முகாமே தாக்குதலுக்கு உள்ளாயிற்று. பிள்ளைகள் படிக்கும் இடம் போர்க்களமாயின் பெற்றோர் வேறு என்ன செய்வர்? பலர் பாரிஸ் நகரை அடைந்தனர். அங்கே லா ஷப்பல் பகுதியில் தமிழ்க் கடைவீதி உருவாயிற்று. 1985 இல் மாணிக்க விநாயகர் ஆலயமும் தோன்றிற்று.

புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு கற்பிக்க அந்நாடு 1970 இலேயே தனி வகுப்புகளை ஏற்படுத்தியது. 2012 ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கு வாரத்துக்குக் குறைந்தது 9 மணிநேரம் தனிப் பயிற்சி அளிக்கப்படல் வேண்டும். எஞ்சிய நேரம் அப்பிள்ளை ஏனைய மாணவருடன் சாதாரண வகுப்பில் இருக்கும். கனடாவின் கியூபெக் மாகாணத்திலோ, 1977 ஆம் ஆண்டுச் சட்டம் குடிவந்தோர் பிள்ளைகளைப் பொதுவாகப் பிரெஞ்சுப் பாடசாலைக்கே அனுப்பச் செய்தது.

நம் பிள்ளைகளுக்கு இம்மொழி எளிதா, அரிதா? இரண்டும் உண்டு. பிரெஞ்சில் வரும் "த" பல்லைத் தொட்டு ஒலிப்பது. அது நம் நாவுக்குப் பழக்கமானதே. நீ, நீங்கள் என்னும் வேறுபாடும் அங்கு உண்டு. அதனைத் தமிழ்ப் பிள்ளைக்கு விளக்க வேண்டியதில்லை. இகரத்தை ஒலித்துக்கொண்டே உகரத்துக்குப் போல் இதழ் குவிக்கும் ஓர் உயிரொலிதான் சிறிது தொல்லை தரும். பெருந்தொல்லை பால் பாகுபாட்டிலே இருக்கிறது. நமக்கு மேசையும் கட்டிலும் அஃறிணை; அவர்களுக்கோ மேசை பெண்பால், கட்டில் ஆண்பால். ஆகவே ஒவ்வொரு பெயரையும் அதன் பால் காட்டும் முன்சொல்லுடன் சேர்த்தே மனத்திற் பதிப்பித்தல் நலம்.

எண்களும் வேடிக்கையானவை. எழுபதை "அறுபது பத்து" என்பர். எண்பதை "நான்கு இருபது" என்பர். தொண்ணூறோ "நான்கு இருபது பத்து" ஆகும். இதைக் கேட்டு நகைப்பதன் முன் நாமும் சற்றுச் சிந்திக்கவேண்டும். எண்பதை அடுத்து வரும் நம் தொண்ணூறு, தன்னுள்ளே நூறை வைத்திருக்கிறதன்றோ?

தமிழரும் பிரெஞ்சும் சந்திப்பது புதிதன்று. புதுச்சேரியிலே 1826 இல் தொடங்கிய பிரெஞ்சுப் பாடசாலையில் தமிழ்ப் பிள்ளைகள் இன்றும் பயில்கின்றனர். யாழ்ப்பாணத்துக்கும் பிரான்சிலே தோன்றிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1847 இலும், போர்தோ நகரின் திருக்குடும்பக் கன்னியர் 1862 இலும் வந்தனர். அன்று அவர்கள் இங்கே தமிழைக் கற்றார்கள். இன்று நம் பிள்ளைகள் அங்கே பிரெஞ்சைக் கற்கிறார்கள்.

பயணத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைக்கு முன்கூட்டியே பிரெஞ்சு புகட்டலாமா என்று பெற்றோர் கேட்பதுண்டு. வணக்கம், நன்றி, தன் பெயர், தாகம், நோவு ஆகியவற்றைச் சொல்லத் தெரிந்தால் முதல் நாளின் அச்சம் குறையும். பாட்டும் விளையாட்டுமாக இவற்றைப் பழக்கலாம். ஆயின் அதற்காகத் தமிழ் வாசிப்பை நிறுத்துதல் தகாது. தாய்மொழியில் வேரூன்றிய அறிவு இரண்டாம் மொழிக்கும் கைகொடுக்கும் என்பதைக் கனடாவிற் பணியாற்றிய அறிஞர் ஜிம் கமின்ஸ் 1979 இல் எடுத்துரைத்தார். கதை கேட்டுப் பழகிய பிள்ளைக்குக் கதையென்றால் என்னவென்று மீண்டும் கற்பிக்கவேண்டியதில்லை; புதிய சொற்களைக் கொடுத்தாற் போதும்.

பிரெஞ்சைப் பாடசாலை பார்த்துக்கொள்ளும். அதற்கு ஆசிரியரும் சட்டமும் உண்டு. தமிழுக்கு அந்நாட்டிலே வீடுதான் முதற் பள்ளிக்கூடம். வாரத்தில் ஒருநாளாவது தொலைபேசியில் பேரப்பிள்ளைக்கு ஒரு கதை சொல்லும்படி நெல்லியடியில் உள்ள மூத்தோரை நாம் கேட்டுக்கொள்கிறோம். கதை முடிந்ததும் அதைத் திருப்பிச் சொல்லும்படி பிள்ளையைக் கேட்க மறவாதீர்கள். இடையிலே ஒரு "வி" வந்தாலும் குற்றமில்லை.