முடிவுக்கு முந்திய மாதங்கள்

அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியின் இறுதியாண்டில் படிக்கும் மாணவர்கள், அக்டோபர் முதல் ஜனவரித் தொடக்கம் வரையிலான காலத்தில் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துவிட்டு, டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் இறுதிவரை ஒன்றன்பின் ஒன்றாக வரும் முடிவுகளுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்களுள் ஒரு சாராருக்கு இந்தக் காத்திருப்பு இரண்டு அடுக்குகளாக அமைகிறது: பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்பது ஒன்று, கிடைத்தாலும், அதற்குள் இயங்கும் ஆனர்ஸ் திட்டம் தம்மைத் தேர்ந்தெடுக்குமா என்பது மற்றொன்று. வெளியிலிருந்து நோக்குவோருக்கு இரண்டாவது கேள்வி, வயிறார உண்டபின் பாயசத்துக்கு ஏங்குவதுபோலத் தோன்றக்கூடும். காத்திருப்பவருக்கோ பெரும்பாலும் அதுவே கனமானது. அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது என்று அறிய வேண்டுமானால், ஆனர்ஸ் திட்டம் என்பது என்ன, அது தன் மாணவர்களை எவ்வாறு தேர்ந்தெடுக்கிறது என்பவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் பழைய பி.ஏ. ஆனர்ஸ் பட்டத்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் வாசகர்கள், ஒரு பாடத்தை ஆழ்ந்து கற்பதற்கான தனிப் பட்டப்படிப்பாகவே அதை அறிந்திருப்பார்கள். அமெரிக்க ஆனர்ஸ் திட்டம் அதிலிருந்து வேறுபட்டது. பல்லாயிரம் பேர் பயிலும் ஒரு பல்கலைக்கழகத்துக்குள், தேர்ந்தெடுத்த சிலருக்கென ஏற்படுத்தப்படும் கல்வி ஏற்பாடு அது. சிறிய வகுப்புகள், விவாத முறையில் நடைபெறும் பாடங்கள், பாடங்களுக்குப் பதிவுசெய்வதில் முன்னுரிமை, சில இடங்களில் தனி விடுதி, இறுதியாண்டில் பேராசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் எழுதும் ஆய்வேடு ஆகியவை அதன் பொதுவான கூறுகள். இதன் முன்னோடிகளுள் முதன்மையானவர் ஃபிராங்க் அய்டலாட். ரோட்ஸ் உதவித்தொகை பெற்று ஆக்ஸ்ஃபோர்டில் பயின்ற அவர், 1921-இல் பென்சில்வேனியாவிலுள்ள ஸ்வார்த்மோர் கல்லூரியின் தலைவரானார். எல்லா மாணவர்களையும் ஒரே வேகத்தில் நடக்கச் சொல்லும் கல்விமுறை, விரைந்து நடக்கக்கூடியவரைக் கட்டிப்போடுகிறது என்று கருதி, மறு ஆண்டே ஆனர்ஸ் முறையைத் தொடங்கினார். அதில் சேர்ந்தவர்கள் கல்லூரியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் வழக்கமான வகுப்புகளை விட்டுச் சிறு குழுக்களாக அமர்ந்து கற்றார்கள்; அவர்களை மதிப்பிட வேறு கல்லூரிகளிலிருந்து தேர்வாளர்கள் வந்தார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, அந்த மாணவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட காலம்தான்: இரண்டு ஆண்டுகள் அவர்களுக்குப் பாடம் சொல்லி, அவர்களுடைய எழுத்தைத் திருத்தி, அவர்களோடு பேசிப் பழகிய ஆசிரியர்களே அவர்களைத் தேர்ந்தெடுத்தார்கள்.

பிற்காலத்தில் இவ்வமைப்பு பெரிய மாநிலப் பல்கலைக்கழகங்களுக்குப் பரவியபோது, அதன் நோக்கத்தோடு வேறொரு நோக்கமும் சேர்ந்துகொண்டது. தனியார் பல்கலைக்கழகங்களை நாடிச் செல்லக்கூடிய சிறந்த மாணவர்களைச் சொந்த மாநிலத்திலேயே தக்கவைக்க ஆனர்ஸ் கல்லூரி ஒரு வழியாயிற்று. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஆனர்ஸ் கல்லூரி 1988-இல் தோன்றியது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஷ்ரேயர் ஆனர்ஸ் கல்லூரி 1997-இல், 3 கோடி டாலர் நன்கொடையால் உருவானது. மாணவரை ஈர்ப்பது நோக்கமாகிவிட்டால், அவர் வேறிடம் போவதற்கு முன்பே, அதாவது பள்ளியிலிருக்கும்போதே, அவரைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். ஆகவே தெரிந்தவரைத் தேர்ந்தெடுக்கும் முறை, தெரியாதவரைக் காகிதத்தில் படித்துத் தேர்ந்தெடுக்கும் முறையாக மாறியது. இன்றைய காத்திருப்பு அந்த மாற்றத்தின் விளைவு.

இரண்டு வகைத் தேர்வுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே வளாகத்தில் காண விரும்புவோர் ஆஸ்டின் நகரிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தைப் பார்க்கலாம். சேர்க்கையில் இனத்தைக் கருதுவதை 1996-இல் ஒரு நீதிமன்றத் தீர்ப்பு தடுத்ததைத் தொடர்ந்து, டெக்சஸ் சட்டமன்றம் 1997-இல் ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு பள்ளியிலும் தரவரிசையின் முதல் 10 சதவீதத்துக்குள் வரும் மாணவருக்கு மாநிலத்தின் அரசுப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி என்று அது விதித்தது. ஆஸ்டினுக்கு வருவோர் தொகை கட்டுக்கடங்காமல் பெருகவே, 2009-இல் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் ஒரு விலக்கு அளிக்கப்பட்டது: டெக்சஸ் மாணவர்களுக்கான முதலாண்டு இடங்களில் 75 சதவீதத்தை இவ்வழியில் நிரப்பினால் போதும். அதன்படி வரம்பு காலப்போக்கில் குறைந்து, சில ஆண்டுகள் 6 சதவீதமாக இருந்து, 2026 இலையுதிர்காலச் சேர்க்கைக்கு 5 சதவீதமாகியுள்ளது. இந்த வரம்புக்குள் வரும் மாணவருக்குத் தம் நிலை முன்கூட்டியே தெரியும். அவர் விண்ணப்பிக்கிறார், ஆனால் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்குமா என்று அவர் அஞ்ச வேண்டியதில்லை.

அதே மாணவர், அதே வளாகத்தில் 1935 முதல் நடந்துவரும் பிளான் டூ என்னும் ஆனர்ஸ் திட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது நிலைமை தலைகீழாகிறது. முதலாண்டில் உலக இலக்கியம், அடுத்து மெய்யியல், மூன்றாம் ஆண்டில் கருத்தரங்க வகுப்புகள், இறுதியில் ஆய்வேடு என அமைந்த அந்தத் திட்டத்துக்கு எந்தச் சதவீதமும் உறுதியளிப்பதில்லை. மாணவர் எழுதிய கட்டுரைகள், பள்ளியில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள், பள்ளிக்கு வெளியே அவர் ஈடுபட்டவை அனைத்தையும் சேர்த்துப் படித்து முடிவெடுக்கிறார்கள். முழுமை நோக்கு மதிப்பீடு என்று இதைச் சொல்லலாம். இது மனிதத்தன்மை மிக்க முறை. ஓர் இளைஞரை ஓர் எண்ணாகச் சுருக்க மறுக்கும் முறை. அதனாலேயே அது அதிகமாக வலிக்கிறது. 5 சதவீதத்துக்குச் சற்று வெளியே நிற்க நேர்ந்தவர், வரம்பைக் குறை சொல்லிவிட்டு நகர முடியும். தாம் எதை நேசிக்கிறோம், எதைப் பற்றி நினைக்கிறோம் என்று வாரக்கணக்கில் எழுதித் திருத்தி அனுப்பியவருக்குக் கிடைக்கும் மறுப்போ, தம்மையே படித்துப் பார்த்து வேண்டாம் என்று சொன்னதாகப் படுகிறது. பதினேழு வயதில் அதை வேறு விதமாக எடுத்துக்கொள்வது எளிதன்று.

டெக்சஸின் ஆஸ்டின், ரவுண்ட் ராக், ஃபிரிஸ்கோ, பிளேனோ ஆகிய ஊர்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாக உணரப்படுகிறது. தமிழ்நாட்டில் பொறியியல் படித்து அங்கு சென்ற பெற்றோருக்குத் தெரிந்த சேர்க்கை முறை கட்-ஆஃப் மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும்தான்: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 எனக் கூட்டி, 2007-க்கு முன்பாயின் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் சேர்த்து, தரவரிசையில் முன்னிற்பவர் முதலில் தேர்ந்தெடுக்கும் முறை. அரை மதிப்பெண்ணில் விரும்பிய கல்லூரியை இழந்தவர் உண்டு. ஆனால் ஏன் இழந்தோம் என்று தெரியாதவர் இல்லை. அந்த அனுபவத்தோடு வந்த பெற்றோர், தம் மகளுடைய மதிப்பெண்களைப் பார்த்து, “இதற்கு மேல் என்ன வேண்டுமாம்?” என்று கேட்பது பெருமையால் மட்டும் எழும் கேள்வியன்று, புரியாத ஒரு நீதிமுறையின் முன்னே நிற்கும் திகைப்பு அது. மகளும் அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல்தான் காத்திருக்கிறாள். வீட்டில் இருவரும் ஒருவருக்கொருவர் ஆறுதலாக இருக்க வேண்டிய மாதங்களில், கேட்காத கேள்விகளே நிறைய இருக்கின்றன.

இந்த மாதங்களில் பல்கலைக்கழகத்துக்குள் நடப்பவற்றுள் பல, தனி மாணவரைப் பற்றியவையே அல்ல என்பது அவர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அனுமதிக்கப்பட்டவர்களுள் உண்மையில் வந்து சேர்வோரின் பங்கைச் சேர்வு விகிதம் எனலாம். பலர் வேறு இடங்களைத் தேர்ந்துகொள்வார்கள் என்பதால், இருக்கும் இடங்களைவிட அதிகமானோருக்கே அனுமதி அளிக்கப்படுகிறது. எவ்வளவு அதிகம் என்பது முந்தைய ஆண்டுகளின் சேர்வு விகிதத்தைக் கொண்டு செய்யும் ஊகம். சென்ற ஆண்டு ஊகம் தவறி மாணவர் மிகுந்திருந்தால், இவ்வாண்டு அனுமதி இறுகும். பொறியியல் நாடுவோரே மிகுந்துவிட்டால், இலக்கியம் நாடும் ஒருவரின் விண்ணப்பம் கூடுதலாகக் கவனிக்கப்படலாம். முதலாண்டு மாணவர் தொகுதியை அமைப்போர் எடுக்கும் இத்தகைய முடிவுகளைத் தன் தகுதி பற்றிய தீர்ப்பாக ஒரு மாணவர் ஏற்றுக்கொண்டு வருந்துவது, தவிர்த்திருக்கக்கூடிய துன்பம்.

காத்திருத்தலையே ஆய்வுப் பொருளாகக் கொண்டவர் ரிவர்சைடிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் கேட் ஸ்வீனி. வழக்கறிஞர் தகுதித் தேர்வு எழுதிவிட்டு ஏறக்குறைய நான்கு மாதங்கள் முடிவுக்குக் காத்திருந்த சட்டப் பட்டதாரிகளை அவரும் உடன் ஆய்வாளர்களும் தொடர்ந்து கவனித்து, 2016-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மனத்தைத் திசைதிருப்புவது, நல்லதே நடக்கும் என்று நம்புவது போன்ற வழிகள் காத்திருப்பின் வேதனையைப் பெரிதாகக் குறைக்கவில்லை. ஆனால் கவலையோடு காத்திருந்தவர்கள், முடிவு பாதகமாக வந்தபோது அதை மேலான முறையில் எதிர்கொண்டார்கள். சாதகமாக வந்தபோது மிகுதியாக மகிழ்ந்தார்கள். அமைதியாக இருந்தவர்களே செய்தி வந்த நாளில் அதிகம் தடுமாறினார்கள். கவலைப்படாதே என்று ஓயாமல் சொல்லும் பெரியவர்கள் இதை மனத்தில் கொள்வது நல்லது. பிள்ளையின் கவலை, வரப்போவதற்கு மனம் செய்துகொள்ளும் ஆயத்தமாகவும் இருக்கலாம். அதே ஆய்வுக்குழு பின்னர் கண்ட இன்னொன்றும் உண்டு: காலம் போவதே தெரியாத அளவுக்கு ஒரு வேலையில் ஆழ்ந்துபோகும் நிலை, காத்திருப்போருக்கு உண்மையான துணையாகிறது. அந்த வேலை விண்ணப்பத்தில் எழுதுவதற்காகச் செய்யப்படாததாக இருந்தால் நலம். பல ஆண்டுகளாகத் தான் செய்ததையெல்லாம் விண்ணப்பத்தின் கண்ணாலேயே பார்த்துப் பழகிய ஒரு மாணவருக்கு, எவரும் மதிப்பிடாத ஒன்றைச் செய்வதற்கு அம்மாதங்களைப்போல் வாய்ப்பான காலம் வேறில்லை.

ஒரு தலைமுறைக்கு முன்பு அஞ்சலில் வரும் உறையின் பருமனே செய்தியைச் சொல்லிவிடும்: தடித்தது அனுமதி, மெல்லியது மறுப்பு. இன்று முடிவு, மாணவர் தம் கடவுச்சொல்லை இட்டு நுழையும் இணையப் பக்கத்தில் வெளியாகிறது. எந்த நாளில், எந்த மணிக்கு என்று முன்னதாக அறிவிக்கும் பல்கலைக்கழகங்கள் பெரும் நன்மை செய்கின்றன. அந்த நாள் வரையிலாவது மாணவர் மற்றவற்றைக் கவனிக்க முடிகிறது. தொகுதி தொகுதியாக, நாள் குறிக்காமல் முடிவுகளை விடும் திட்டங்கள், பக்கத்து இருக்கைத் தோழிக்கு வந்த செய்தி தனக்கு ஏன் வரவில்லை என்று ஒவ்வொரு மாலையும் ஒருவரை எண்ண வைக்கின்றன. ஒரு தேதியை அறிவிப்பதற்குப் பெரும் செலவு எதுவும் தேவையில்லை.

பணம் தேவைப்படும் குடும்பங்களுக்குக் காத்திருப்பு எப்போதுமே நீளமானது, அனுமதி கிடைத்தாலும் உதவித்தொகை எவ்வளவு என்று தெரியாமல் சேர முடியாது என்பதால். எந்தக் கல்லூரியில் சேர்வது என்று மாணவர் உறுதிசெய்ய வழக்கமான கடைசி நாள் மே 1. கூட்டரசின் மாணவர் நிதியுதவி விண்ணப்பப் படிவம் மாற்றி அமைக்கப்பட்டதால், அக்டோபரில் வர வேண்டிய அது 2023 டிசம்பர் இறுதியில்தான் வெளியாயிற்று. அதன் தகவல்கள் கல்லூரிகளுக்கு மார்ச் மாதத்தில்தான் போய்ச் சேரத் தொடங்கின. 2024-இல் பல கல்லூரிகள் மே 1 என்னும் கெடுவைத் தள்ளிவைக்க நேர்ந்தது. பெற்றோர் முழுக் கட்டணமும் செலுத்தக்கூடிய மாணவர் வளாகத்து விடுதி அறையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தபோது, மற்றவர் இன்னும் ஓர் எண்ணுக்காகக் காத்திருந்தார். இந்த ஏற்றத்தாழ்வைப் பற்றிய பேச்சு, ஆனர்ஸ் கிடைத்ததா என்ற பேச்சின் அளவுக்குக் கேட்பதில்லை.

கிடைக்காவிட்டால் இழப்பு எவ்வளவு என்பதற்கு ஓரளவு விடை தரும் ஆய்வு ஒன்று உண்டு. ஸ்டேசி டேல், ஆலன் க்ரூகர் ஆகிய பொருளியலாளர்கள் 2002-இல் வெளியிட்ட அது, 1976-இல் கல்லூரியில் சேர்ந்தவர்களின் பிற்கால வருவாயை ஒப்பிட்டது. கடும் போட்டியுள்ள கல்லூரிகளில் அனுமதி பெற்றும் போட்டி குறைந்த கல்லூரிக்குச் சென்றவர்கள், அந்தக் கடும் போட்டிக் கல்லூரிகளிலேயே படித்தவர்களுக்கு நிகராகவே பொதுவாகச் சம்பாதித்திருந்தார்கள். குறைந்த வருவாய்க் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் போட்டியுள்ள கல்லூரி கூடுதல் பயன் தந்திருந்தது. இது கல்லூரிகளைப் பற்றிய ஆய்வே தவிர ஆனர்ஸ் திட்டங்களைப் பற்றியதன்று. வருவாய் கல்வியின் முழு அளவுகோலும் ஆகாது. எனினும் மாணவர் தம்மோடு கொண்டுசெல்லும் ஆற்றலுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதை அது காட்டுகிறது. சிறிய வகுப்பையும் பேராசிரியரின் வழிகாட்டலையும் ஆனர்ஸ் திட்டம் தட்டில் வைத்துத் தருகிறது. திட்டத்துக்கு வெளியே இருப்பவர் அவற்றைத் தாமே தேடிப் போக வேண்டும், ஆனால் அவை தேடினால் கிடைக்காதவை அல்ல.

அய்டலாட் தொடங்கிய முறையின் சாயல் முற்றிலும் மறைந்துவிடவில்லை. ஷ்ரேயர் ஆனர்ஸ் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படித்துக்கொண்டிருக்கும் மாணவரும் விண்ணப்பிக்க வழி வைத்திருக்கிறது. அரிசோனாவின் ஆனர்ஸ் கல்லூரியிலும் அத்தகைய வழி உண்டு. அவ்வழியில் வருபவரைப் பற்றி முடிவெடுப்போரின் கையில், பள்ளிப் பருவத்துக் கட்டுரைக்குப் பதிலாக, அவர் அதே வளாகத்தில் எழுதிய தேர்வுகளும் அவரை வகுப்பில் கண்ட ஆசிரியரின் சொல்லும் இருக்கின்றன. இது முதல் வழியைவிட நேர்மையானது. பதினேழு வயதில் பிடிபடாத ஆர்வங்கள் பத்தொன்பது வயதில் பிடிபடுவதற்கும் அது இடமளிக்கிறது. பள்ளி மாணவருக்கு அனுப்பும் மறுப்புக் கடிதத்திலேயே இந்த இரண்டாவது வழியைப் பற்றி, எப்போது, எப்படி விண்ணப்பிக்கலாம் என்று தெளிவாக இரண்டு வரி எழுதப்படுமானால், அதைப் படிக்கும் மாணவி ஆகஸ்டில் வளாகத்துக்கு வருவதற்குள் எந்தப் பேராசிரியரின் வகுப்பில் சேரலாம் என்று பார்க்கத் தொடங்கியிருப்பாள்.